கதவில் ஒட்டிய தாள்

எங்கள் டவுன்ஷிப்பில் வாக்காளர் இருநூற்றுப் பதினொன்று.
மூன்று பேர் இந்தக் கோடையில் போய்விட்டார்கள்,
பட்டியலில் கோடு கிழித்தது நான்தான்.
கிளார்க் வேலை அப்படி:
நாய்க்கு லைசென்ஸ், கல்லறைக்கு இடம்,
அவ்வப்போது ஜனநாயகம்.

சுப்பீரியர் ஏரியிலிருந்து காற்று திரும்பினால்
ஹாலின் ஜன்னல்கள் பல்லைக் கடிக்கும்.
எந்திரம் ஒன்றே ஒன்று. இரவு எட்டுக்கு அதை மூடினால்
மளிகை ரசீதுபோல நீளமாய் ஒரு தாளைத் துப்பும்.
அதைக் கதவில் ஒட்டுவேன்.

போன அதிபர் தேர்தலில் அந்தத் தாளில்
மூன்றாம் வேட்பாளருக்கு நேரே: 1.
ரகசிய வாக்கு கூட்டத்துக்குக் கிடைக்கும் சலுகை.
ஒற்றை ஆளுக்கு ஏது ரகசியம்?
அவருடைய பலகை நின்றது
ஆர்வோ கின்னுனென் வாசலில் மட்டும்.

மாநிலத்தில் எட்டாயிரம் வாக்கில் தோற்றோம்.
ஆர்வோவின் ஒன்றைச் சேர்த்தால்
ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கணக்கு யாருக்கு வேண்டும்?
டெல்ஃபின் ரூலோ அவன் பாதையில்
பனி ஒதுக்குவதை நிறுத்தினாள்.
சண்டை இல்லை, ஒரு சொல்கூட இல்லை.
அவள் டிராக்டர் அவன் தபால்பெட்டிவரை வந்து
திரும்பிவிடும், நாலு குளிர்காலமாக.

நானும் மனசுக்குள் அவளோடுதான் திரும்பினேன்.
"எரிகிற கொள்ளியில் நல்ல கொள்ளி எது?" என்று அவன் கேட்டபோது
"கையைக் குறைவாய்ச் சுடுவது" என்றேன்.
சொல்லிவிட்டு எனக்கே ஒரு பெருமை.
முப்பது வருடம் அப்படித்தான் போட்டேன்,
யார் வேண்டும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை,
யார் வந்துவிடக் கூடாது என்றுதான்.

இந்த வருடம் ஆர்வோ பலகை நடவில்லை.
வெர்மான்ட்டில் முகமறியாத ஒரு பெண்ணோடு
ஒப்பந்தம் செய்திருந்தான்.
முடிவு முன்பே தெரிந்த மாநிலம் அவளுடையது.
அங்கே அவள் இவனுடைய ஆளுக்கு,
இங்கே இவன் அவளுடைய ஆளுக்கு.
குற்றமா என்று கேட்க என்னிடம்தான் வந்தான்.
பணம் கைமாறவில்லை, வாக்குக்கு வாக்கு.
"அவள் ஏமாற்றினால்?"
"அவளும் இப்போது யாரிடமாவது
இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள்."

பல் பிடுங்கிக்கொண்டவன்போல
மறைப்பிலிருந்து வெளியே வந்தான்.
தாளை எந்திரம் விழுங்கும்வரை
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

ஏழே முக்காலுக்கு ஹாலில் ஆளில்லை.
நான் இன்னும் போட்டிருக்கவில்லை.
கறுப்புப் பேனா, காலி வட்டங்கள்.
இன்று மூன்றாம் பெயருக்கு நேரே பூஜ்யம் விழும்
என்று இந்த ஊரில் எனக்கு மட்டும் தெரியும்.
அந்தப் பூஜ்யம் என்னை என்னவோ செய்தது.
இல்லை, அதுவும் சாக்கு.
வேண்டியதை ஒரு தடவை
வேண்டும் என்று சொல்லிப் பார்க்கத் தோன்றியது,
அவ்வளவுதான்.
வட்டத்தை நிரப்பினேன். கை நடுங்கவில்லை.

எட்டே காலுக்கு டெல்ஃபின் டார்ச் அடித்துப் படித்தாள்.
"திருந்தாத ஜென்மம்" என்றாள்,
அவன் பின்னால் நிற்பது தெரிந்தேதான்.
ஆர்வோ அந்த 1-ஐ வெகுநேரம் பார்த்தான்.
நான் இல்லை என்று ஒரு வார்த்தை போதும்,
ஊர் அடுத்த ஆளைத் தேடத் தொடங்கியிருக்கும்.
வாயைத் திறந்தான்.
நான் தாளின் ஓரத்தை நகத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
"காத்து பலமா அடிக்குது,
இன்னொரு டேப் ஒட்டு" என்றான்.

மாநில முடிவு வர வியாழன் ஆகுமாம்.
வெர்மான்ட் பெண் போட்டாளா என்பது
எந்த வியாழனும் சொல்லாது.

இன்று காலை முதல் பனி.
டிராக்டர் தபால்பெட்டிவரை வந்து திரும்பியது.
அங்கிருந்து அவன் படிவரை நாற்பது அடி.
காரில் உட்கார்ந்தே அளந்தேன்.
பின்னால் மண்வாரி கிடக்கிறது,
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது.